கரடிக்குக் கேட்காத கோச்சி

எங்கள் மிருகக்காட்சிப் பூங்காவின் வடிவமைப்புப் பிரிவில் இப்போது இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் கணினியில் வரைகிறவர்கள். தூரிகை பிடிக்கத் தெரியாதவர்கள் என்று நான் குறை சொல்ல மாட்டேன். திரையில் அவர்கள் வரைவது நன்றாகவே இருக்கிறது. போன மாதம் அவர்களில் இருவர் ஓய்வு பெற்றுவிட்ட என்னைத் தேடி ஹாலி எல வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"மேடம், எல்லா ஊரு ரோலர் கோஸ்டருக்கும் முன்னுக்கு ஒரு சிங்கமோ புலியோ இருக்கு. நம்மளோடதுக்கு மட்டும் ஏன் மூஞ்சி இல்ல? வெறும் சாக்கு மூட்ட மாதிரி இருக்கே. புதுசா ஒன்னு வரைஞ்சு மாட்டலாமான்னு ஒஃபிஸ்ல கேக்குறாங்க."

வெறும் சாக்கு மூட்டை என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் மேல் கோபம் வரவில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள்? அன்று மத்தியானம் வரை இருத்தி வைத்துக் கதையைச் சொன்னேன். போகும்போது, இதை எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறேன். தற்பெருமை பேசுகிறாள் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். பெருமைப்படக்கூடிய வேலையைத்தான் நான் செய்தேன்.

என் பெயர் புஷ்பராணி. பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் ஒன்றில்தான் எனக்கு உயிர் இருந்தது. படிப்பு முடிந்ததும் பதுளையில் பெயர்ப்பலகை எழுதும் கடையொன்றில் சேர்ந்தேன். அங்கிருந்துதான் பசறை வீதியில், மலைச்சரிவில் இருக்கும் இந்தத் தனியார் பூங்காவுக்கு வந்தேன். முதல் வேலை, ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால் மிருகத்தின் பெயரை மூன்று மொழியிலும் எழுதுவது. பிறகு மொறட்டுவையிலிருந்து வந்த தலைமைக் கைவினைஞர் சுனில் பாஸிடம் சீமெந்திலும் ஃபைபரிலும் உருவம் செய்யப் பழகினேன். குழந்தைகள் ஏறி விளையாடும் ஆமை, வாசலில் நிற்கும் யானைக் குடும்பம், பாம்புக் கூடத்தின் மரப்பொந்து எல்லாம் எங்கள் கைவேலை. கடைசியில் சித்திர வேலைப் பிரிவே என் பொறுப்பில் வந்தது. வருடங்கள் எப்படிப் போயின என்று கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். சொல்ல வேண்டியது அந்தக் கோச்சியைப் பற்றி.

ரயிலை நாங்கள் கோச்சி என்போம். பூங்காவில் பழைய ரோலர் கோஸ்டர் ஒன்று இருந்தது. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்ததை முதலாளி வாங்கிவந்து பூட்டியிருந்தார். மஞ்சள் டிராகன் முகம், பச்சை வால். சனம் அதை டிராகன் கோச்சி என்றது. நமுனுகுலை மலையிலிருந்து இறங்கும் பனி அந்த இரும்பைச் சும்மா விடவில்லை. துரு ஏறி, ஓட்டுவது ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். சில காலம் அது செடி மூடிக் கிடந்தது. பிறகு முதலாளி, பழையதைக் கழற்றிவிட்டு அதே சரிவில் புதிய தண்டவாளமும் புதிய கோச்சியுமாக மறுபடி கட்டுவது என்று முடிவெடுத்தார். அதற்காக வந்தவர்தான் எஞ்சினியர் சிவநேசன்.

சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையோடு தண்டவாளத்துக்குக் கீழே படுத்து எழும்புவார். சட்டையில் ஒரு கறையும் இருக்காது. அது எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கியதே இல்லை. ஒரு வேலையைக் கொண்டுபோய்க் காட்டினால் நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். "பாப்பம்" என்பார். அவ்வளவுதான். முதல் சில வாரம் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகுதான் கண்டேன், அவர் பாப்பம் என்றால் உண்மையாகவே பார்ப்பார். காலையில் வந்து தொட்டுப் பார்ப்பார், மழையில் நனைந்த பிறகு பார்ப்பார், வெயில் ஏறிய பிறகு பார்ப்பார். நான் ஒரு நிறம் தெரிவு செய்தால், அதைத் தகட்டில் பூசி மலைக்காற்றில் ஒரு பருவம் முழுக்கத் தொங்கவிடச் சொன்னார். அதில் வெளுக்காமல் நின்ற நிறங்களைத்தான் தண்டவாளத்துக்குக் கிட்டக் கொண்டுபோக விட்டார்.

அவர் எங்களுக்குப் பழக்கிய ஒரு முறையைச் சொல்லியே ஆக வேண்டும். நெடிய மனிதன் ஒருவன் கோச்சியில் இருந்துகொண்டு கையையும் காலையும் எவ்வளவு நீட்ட முடியுமோ, அதற்கும் கொஞ்சம் கூடுதலாக மரத்தில் ஒரு சட்டம் செய்து இருக்கையில் கட்டுவார். அந்தச் சட்டத்தின் ஓரமெல்லாம் பஞ்சு. பஞ்சில் ஈரச் சுண்ணாம்பு. கோச்சியைக் கயிறு கட்டி மெதுவாகப் பாதை முழுவதும் இழுப்போம். எந்த அலங்காரத்தில் வெள்ளை படுகிறதோ, அதை வெட்டி எடுக்க வேண்டும். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, யார் செய்ததாக இருந்தாலும் சரி. "சுண்ணாம்புக்கு ஆள் தெரியாது" என்பார். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

கோச்சிக்கு என்ன வேஷம் போடுவது என்பது என் பொறுப்பு. முதலாளி வெளிநாட்டுக் கொம்பனியின் படப்புத்தகத்தைக் கொண்டுவந்து புலி முகத்தைக் காட்டினார். நம் நாட்டுக் காட்டில் புலி இல்லை, சிறுத்தைதான் இருக்கிறது என்றேன். அவருக்கும் பிடித்துப்போனது. அப்படித்தான் முதல் திட்டம் உருவானது. சங்கிலி கோச்சியை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகும். உச்சியில் துன்ஹிந்த அருவியைப் போல ஒரு பெரிய பாறை முகம். அதைப் பிளந்துகொண்டு வாய் திறந்த சிறுத்தை கீழே பாயும். சுனில் பாஸும் நானும் எங்கள் ஆட்களும் அந்தப் பாறையைக் கம்பிவலையிலும் சீமெந்திலும் எழுப்பினோம். பாசி படர்ந்த இடம், நீர் வழிந்து கறுத்த இடம், வெடிப்பில் முளைத்த பன்னச் செடி, எல்லாம் நானே தீட்டினேன். தூரத்தில் பஸ்ஸில் போகிறவர்கள், இந்த இடத்தில் எப்போது அருவி வந்தது என்று கேட்டார்களாம். அது என் கையிலிருந்து வந்த மிகப் பெரிய வேலை.

ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக் கோச்சியை ஓட்டிப் பார்க்கத் தொடங்கினோம். பாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டாம் நாளே மிருக வைத்தியர் டொக்டர் ரிஸ்னா வேலை நடக்கும் இடத்துக்கு வேகமாக வந்தார். வெலிமடைக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். அன்று குரல் உயர்ந்திருந்தது.

"சேர், கலு வெளிய வாறதே இல்ல. சாப்பாடும் தொடல்ல."

கலு எங்கள் கரடி. மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்துக் கிணற்றில் குட்டியாக விழுந்து கிடந்ததைத் தூக்கிக் கொண்டுவந்து வளர்த்தது. அதன் முற்றம் கோச்சிப் பாதைக்கு எதிர்ச்சரிவில் இருந்தது. பழைய டிராகன் ஓடிய காலத்தில் அந்த முற்றமே இல்லை. அது நின்ற பிறகு கட்டப்பட்டது. கோச்சி ஓடத் தொடங்கியதும் கலு குகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது. தேன் தடவிய மரக்குற்றியை வாசலில் போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். கரடியை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். டொக்டர் ரிஸ்னா முடியாது என்று தலையை ஆட்டினார்.

"வேற எடம் இல்ல. இன்னொரு முற்றம் கட்டி முடியிற வரைக்கும் அது தாங்காது. ஒன்னு கோச்சி, இல்லன்னா கரடி. ரெண்டையும் வச்சிக்கிட்டு என்னால பொறுப்பெடுக்க ஏலாது."

எல்லாரும் சிவநேசன் சேரைப் பார்த்தோம். "கரடி இருக்கிற இடத்தில போய் இருந்து கேக்கவேணும்" என்றார்.

கலுவைக் குகைக்குள் வைத்துக் கதவை அடைத்துவிட்டு, அவரும் டொக்டரும் நானும் அதன் முற்றத்துக்குள் போனோம். எஞ்சினியர் புழுதித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கண்ணை மூடினார். நாங்களும் உட்கார்ந்தோம். கரடியின் வாடை. அது தோண்டிப் போட்ட மண். எதிரே என் அருவி. கோச்சியை ஓட்டச் சொல்லிக் கை காட்டினார். இந்தத் தடவை எங்கள் ஆட்களையே ஏற்றி, பயந்தவர்கள் கத்துவதைப் போலக் கத்தச் சொல்லியிருந்தார்.

சங்கிலியின் கடகடப்பு, சக்கரத்தின் உறுமல், ஆட்களின் அலறல், எல்லாம் ஒரே பந்தாகத் திரண்டு நேராக முகத்தில் வந்து அடித்தது. கோச்சி ஓடும் மேடையில் நிற்கும்போது இந்தச் சத்தத்தில் பாதியும் கேட்டதில்லை. மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இடம் மாறி உட்கார்ந்தார். கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"புஷ்பராணி, நீங்கள் செய்த பாறை வடிவாத்தான் இருக்கு. ஆனா அது சத்தத்தை அப்பிடியே அள்ளிக் கரடிக்கு எறியுது."

அவர் என் வேலையை வடிவு, அழகு என்று சொன்ன முதல் தடவை அது. அதே வாயால் அதற்கு மரணமும் சொன்னார். டொக்டர் ரிஸ்னா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, இன்னொன்னும் இருக்கு. அந்தச் சிறுத்தட மூஞ்சி இந்தப் பக்கம் பாத்துத்தான் எறங்குது. கண்ண முழிச்சிக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு. கரடி அத என்னன்னு நெனைக்கும்?"

எழும்பிச் சேலையில் ஒட்டிய புழுதியைத் தட்டினேன். பாறையும் போக வேண்டும், சிறுத்தையும் போக வேண்டும். வேறு ஒருவர் ஒஃபிஸில் இருந்துகொண்டு இதைச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் அந்தப் புழுதியில் உட்கார்ந்து என் காதாலேயே கேட்டுவிட்டேனே.

அந்த வாரம் ஹல்துமுல்லையில் என் தங்கச்சி காந்தியின் பேத்திக்குக் காது குத்து. காந்தி நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே கலியாணம் கட்டி, அங்கேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். போனேன். சாப்பாடு முடிந்து லயத்துக்கு வெளியே காற்றாட நின்றபோது, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே துருப்பிடித்த இரும்புத் தூண்கள் கண்ணில் பட்டன. பழைய கொழுந்துக் கம்பி. லொறி போக முடியாத மேல் மலைகளில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கொக்கியில் மாட்டி, இரும்புக் கம்பி வழியாகக் கீழே ஸ்டோருக்கு அனுப்புவார்கள். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மூட்டைகள் பள்ளத்தாக்குக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து போகும்.

"காந்தி, அந்த மூட்டையெல்லாம் போய் ஸ்டோர்ல குவிஞ்சு கெடக்குமே, நெனப்பிருக்கா?"

"இல்லாம? அதுக்குப் பின்னாடி போய்ப் படுத்துக்கிட்டா மெசின் சத்தமே கேக்காதுன்னு நீதான கூட்டிட்டுப் போவ. அப்பா வந்து ரெண்டு பேரையும் வெளுத்தாருல்ல."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூட்டைக் குவியலுக்குப் பின்னால் மெசின் சத்தம் கேட்காது. பதுளை பஸ் வரும்வரை எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

மறுநாள் எஞ்சினியரின் மேசையில் என் படங்களை விரித்தேன். கோச்சி உச்சிக்கு ஏறும் இடத்தையும் முதல் பாய்ச்சலையும் சேர்த்து மூடி, ஒரு பழைய தேயிலை ஸ்டோர். தகரக் கூரை, வரிசையாக ஜன்னல்; ஆனால் கரடி இருக்கும் பக்கத்தில் ஜன்னல் ஒன்றுமில்லை. அந்தப் பக்கச் சுவர் முழுவதும் செம்மண் நிரப்பிய சாக்கு மூட்டைகள், அடுக்கடுக்காக. பார்க்கிறவனுக்கு அது கொழுந்து மூட்டை; சத்தத்துக்கு அது மண்மேடு. கூரைக்கு அடியில் தேங்காய்த் தும்புப் பாய். கோச்சி ஸ்டோருக்குள்ளேயே விழும். அலறல் எல்லாம் உள்ளேயே அடங்கும். வெளியே வரும்போது நமுனுகுலைப் பக்கம் பார்த்து, வெறும் பள்ளத்தாக்குக்கு முன்னால் வரும். கோச்சியின் முன்பக்கத்தில் முகம் இல்லை. கண் இல்லை, வாய் இல்லை. கழுத்தில் கயிறு கட்டிய சாக்கு மூட்டை. ஏறுகிற ஆட்கள்தான் அந்தக் கொழுந்து.

அவர் நெடுநேரம் பார்த்தார்.

"மண் மழையில கரைஞ்சால்?"

"சாக்குக்கு மேல சீமெந்துப் பால் பூசிருவோம் சேர். வெளிப்பக்கம் மானாப்புல்லு வச்சிருவோம். தோட்டத்துல மண்ணு சரியிற எடத்துல எல்லாம் அதத்தான் வைப்பாங்க. அந்த வேரு மண்ண விடாதுங்க."

"தும்பு நெருப்புப் பிடிக்குமெல்லோ?"

"மருந்துல ஊற வச்சா பிடிக்காதுன்னு சுனில் பாஸ் சொல்றாரு."

"பாப்பம்."

பார்த்தார். சுனில் பாஸ் மருந்தில் ஊறவைத்துக் காயவைத்த பாய் ஒன்றைத் தொங்கவிட்டு, வெல்டிங் பிள்ளைகளின் நெருப்பு ஊதும் விளக்கை வாங்கி, எல்லாருக்கும் முன்னால் தன் கையாலேயே கொளுத்தினார். பாய் கறுத்தது, புகைந்தது, அணைந்தது. திரும்பக் கொளுத்தினார். திரும்ப அணைந்தது. பிறகு சிவநேசன் சேர் மண் மூட்டைச் சுவரில் ஒரு துண்டைக் கட்டவைத்து, இந்தப் பக்கம் இரும்பைத் தட்டச் சொல்லி, அந்தப் பக்கம் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். எழும்பி வந்து, "உங்கட மூட்டையை எத்தனை அடுக்கு வைக்கிறதெண்டு கதைப்பம், வாங்கோ" என்றார்.

பாறையை உடைக்கிற நாளில் என்னை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். நான் போனேன். முதல் அடியை நானே அடித்தேன், பன்னம் தீட்டிய இடத்தில். அது என் வேலை. அதை முடித்துவைக்கவும் எனக்குத்தான் உரிமை என்று பட்டது. சுனில் பாஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை மளமளவென்று நடந்தது. ஸ்டோர் எழும்பியது. மூட்டைகளுக்கு உண்மையான சாக்கின் நெசவு தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஈரச் சீமெந்தின் மேல் சாக்கை அழுத்தி அழுத்தி எடுத்தோம். சுண்ணாம்புச் சட்டத்தை இழுத்தபோது உத்தரம் ஒன்றில் தொங்கவிட்ட மூட்டையின் நுனியில் வெள்ளை பட்டது. யாரும் சொல்வதற்கு முன்பே அறுத்துவிட்டேன்.

கோச்சிக்குப் பெயர் வைக்கும்போது எனக்கு ஒரு அதிர்ஷ்டம். பலகை எழுதிப் பழகியவள் ஆதலால், மூன்று மொழிக்கும் ஒரே சொல் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்தேன். கம்பி என்ற சொல் சிங்களத்திலும் கம்பிதான். ஆங்கிலத்திலும் அதையே எழுதிவிட்டேன். பலகையைப் பார்த்துவிட்டு முதலாளி கைதட்டினார்.

ஆனால் சிலை விஷயத்தில் அவருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"புஷ்பா, வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க, கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலை வேண்டும். கூடையோடு, குனிந்து, சிரித்த முகத்தோடு. வெளிநாட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள்."

"குனிந்து கொழுந்து எடுக்கும்போது யாரும் சிரிப்பதில்லை சேர்."

"சிலைதானே?"

"என் அம்மா கொழுந்து எடுத்தவர். என் தங்கச்சி இன்றைக்கும் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருகிற சனத்தில் எத்தனை பேர் தோட்டத்து ஆட்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, தங்களையே குனிந்த சிலையாகப் பார்க்க வேண்டுமா?"

அவர் முகம் சிவந்தது. "அப்படியானால் என்ன செய்வாய்?"

"ஒரே ஒரு பெண். நிமிர்ந்து நிற்பாள். கம்பியின் மேல் முனையில் மூட்டையை மாட்டிவிட்டு அனுப்புகிற ஆள். அவள் கையைத் தூக்கினால்தான் மூட்டை போகும். எங்கள் தோட்டத்தில் அந்த வேலையைச் செய்தது ஒரு பெண்தான்."

"கூடை இல்லாமல் அவள் யார் என்று எப்படி விளங்கும்?"

"இடுப்பில் படங்கு கட்டியிருப்பாள் சேர்." சேலைக்கு மேல் செடி கீறாமல் சுற்றிக் கட்டும் சாக்குத் துணியைத்தான் படங்கு என்போம். "விளங்க வேண்டியவர்களுக்கு அது போதும்."

அவர் எழும்பிப் போய்விட்டார். இந்த வயதில், அதுவும் ஓய்வுக்குக் கிட்ட, முதலாளியோடு மோதியிருக்கிறாயே என்று சுனில் பாஸ் தலையில் கைவைத்தார். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தில் ஒரு கோட்டையும் மாற்றவில்லை.

அடுத்த கூட்டத்தில் முதலாளி அந்தப் பேச்சை எடுத்தபோது, அதுவரை தன் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்த சிவநேசன் சேர் தலையைத் தூக்கினார். புறப்படும் மேடையில் இயக்குகிறவருக்குத் தெரியும்படி பச்சை விளக்கு ஒன்று வைக்க வேண்டும், அதற்கு உயரமான இடம் தேவை என்றார். பிறகு என்னிடம் தமிழில், "அந்த அம்மான்ர கையில லைற்றை வைப்பமோ? பூட்டுகள் எல்லாம் சரியெண்டால்தான் அது எரியும். எரியாட்டில் கோச்சி வெளிக்கிடாது" என்றார்.

முதலாளிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உண்மையாகவே அவள்தான் கோச்சியை அனுப்புவாளா?" என்று கேட்டார். ஆம் என்றார் எஞ்சினியர். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்யுங்கள் என்றார்.

அந்தச் சிலைக்கு யாருடைய முகத்தையும் நான் வைக்கவில்லை. தோளையும் முதுகையும்தான் திரும்பத் திரும்பச் செய்தேன். நேராக நிற்கிற முதுகு.

எல்லாம் முடிந்தாலும் கரடி என்ன சொல்லும் என்பது பாக்கி இருந்தது. டொக்டர் ரிஸ்னா அவசரப்பட விடவில்லை. முதலில் சங்கிலி மட்டும் ஓடியது. பிறகு வெறும் கோச்சி, மெதுவாக. பிறகு மணல் மூட்டையோடு. ஒவ்வொரு கட்டத்திலும் கலு சாப்பிடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு உத்தரவு கொடுத்தார். கடைசியாக, ஆட்களை ஏற்றிக் கத்தவிடுகிற நாள் வந்தது. முற்றத்துக்கு வெளியே, மூங்கில் மறைப்புக்குப் பின்னால் நாங்கள் மூவரும் நின்றோம். கலு ஒரு பழைய புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. டொக்டர் ரேடியோவில் சொன்னார்.

எங்கோ தூரத்தில் யாரோ பெட்டியை இழுப்பதுபோல ஒரு சத்தம். கலு தலையைத் தூக்கியது. மூக்கை நீட்டிக் காற்றை மோந்தது. கோச்சி ஸ்டோருக்குள் விழுந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு முனகல்தான் கேட்டது. கலு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தலையைப் புற்றுக்குள் விட்டு, ஊதி ஊதிக் கறையானை உறிஞ்சத் தொடங்கியது. அந்த உறிஞ்சல் சத்தம் கோச்சியின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

டொக்டர் ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. சிவநேசன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"சரி" என்றார். பாப்பம் இல்லை, சரி. அன்றைக்கு எனக்கு வேறு ஒரு விருதும் வேண்டியிருக்கவில்லை.

திறந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஹல்துமுல்லையிலிருந்து காந்தி வந்தாள். தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். நான் கூட்டிக்கொண்டு போய் எதையும் விளக்கவில்லை. ஓரமாக நின்று பார்த்தேன். புறப்படும் மேடைக்கு வந்ததும் முதலில் ஒருத்தி நின்றாள். பிறகு எல்லாரும் நின்றார்கள்.

"ஏய், படங்கு கட்டியிருக்காடி."

"கம்பிக்காரி! நம்ம மேல் மலைல நிப்பாங்களே, அவுங்கதான்."

"எப்பிடி நிக்கிறா பாரு."

காந்தி சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசை நகர்ந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். பூட்டுகள் விழுந்தன. சிலையின் தூக்கிய கையில் பச்சை விளக்கு எரிந்தது. கோச்சி ஸ்டோருக்குள் போனது.

வெளியே நின்ற எனக்கு அலறல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் என் வேலை. பிறகு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் கோச்சி வெளியே வந்தபோது, முன் இருக்கையில் அவள் இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள்.

இறங்கி வந்தபோது கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத நீதான் செஞ்சியா அக்கா?"

"நான் மட்டும் இல்ல. எஞ்சினியர் சேர், டொக்டரம்மா, சுனில் பாஸ், எல்லாரும் சேந்துதான். ஆனா ஆமா. நான்தான் செஞ்சேன்."

"இன்னொரு தடவ போலாமா?"

"போகலாம். வரிசைல நிக்கணும்."

"எனக்குமா? நீ சொன்னா விட மாட்டாங்களா?"

"எல்லாருக்கும் ஒரே வரிசைதான் காந்தி."

ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றுக்குப் பின்னால் போய் நின்றாள்.